கடைசிப் பிள்ளையின் நிமிடங்கள்

முதலாம் தவணையில் யாழ்ப்பாணத்துத் தீவகத்தின் எந்தப் பாடசாலைக்குப் போனாலும் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு புதிதாக இருக்கும். இல்ல மெய்வல்லுநர் போட்டிக் காலம் அது. வேலணையிலும் ஊர்காவற்றுறையிலும் நயினாதீவிலும் நெடுந்தீவிலும் ஒழுங்கு ஒன்றுதான். அணிநடை, இல்ல அலங்காரம், ஓட்டங்கள், அஞ்சலோட்டம், கடைசியில் பழைய மாணவரின் கயிறிழுத்தல். அணிநடையில் எல்லாப் பிள்ளைகளும் நடப்பார்கள். ஓட்டம் தொடங்கியதும் நிலைமை மாறும். தெரிவுப் போட்டிகளிலேயே வடிகட்டப்பட்டவர்கள் இல்லக் கூடாரத்துக்குள் இருந்து கைதட்ட, எல்லா நிகழ்ச்சிகளிலும் திரும்பத் திரும்ப அதே சில பெயர்களே ஒலிபெருக்கியில் கேட்கும்.

கோட்டம், வலயம், மாகாணம், தேசியம் என்று ஏறிப்போகும் இந்தப் படிவரிசை கெட்டிக்காரரைக் கண்டுபிடிக்க நல்ல ஏற்பாடுதான். 1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் உயரம் பாய்ந்து, ஆசியப் போட்டிகளில் இலங்கையின் முதல் தங்கத்தை வென்ற நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் யாழ்ப்பாணப் பாடசாலை மைதானத்தில் வளர்ந்தவர்தான். ஆனால் தெரிவு செய்வது ஒரு வேலை, எல்லோரையும் ஓட வைப்பது வேறொரு வேலை. பக்கத்து வீட்டுப் பிள்ளை வென்ற பதக்கத்தால் இந்தப் பிள்ளையின் எலும்பு உறுதிப்படாது. ஒவ்வோர் உடலும் தான் ஓடிய நிமிடங்களை மட்டுமே கணக்கில் எடுக்கும்.

எத்தனை நிமிடம் வேண்டும்? உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி 5 முதல் 17 வயது வரையான பிள்ளைகள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு அசைய வேண்டும். வாரத்தில் மூன்று நாளாவது அது கடுமையானதாகவும், தசைக்கும் எலும்புக்கும் வேலை கொடுப்பதாகவும் இருக்க வேண்டும். 146 நாடுகளின் தரவுகளைத் திரட்டிய ஆய்வொன்று, 11 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் 81 வீதமானோர் 2016இல் இந்த அளவை எட்டவில்லை என்றது. பெண்பிள்ளைகளில் அது 85 வீதம், ஆண்பிள்ளைகளில் 78 வீதம்.

ஆகவே உடற்கல்வியைத் திருத்த நினைப்பவர் முதலில் மாற்ற வேண்டியது அளவுகோலை. ஒரு பாடசாலையின் உடற்கல்வி எப்படி இருக்கிறது என்று அறிய அங்கே வேகமாக ஓடும் பிள்ளையைப் பார்க்கக் கூடாது. வரிசையின் கடைசியில் நிற்கும் பிள்ளை அன்றைக்கு எத்தனை நிமிடம் ஓடியது என்று பார்க்க வேண்டும்.

கைக்கடிகாரமும் ஐந்து எண்களும்

இதை அளக்க ஒரு வழி இருக்கிறது. அமெரிக்காவில் தோமஸ் மக்கென்சி, ஜேம்ஸ் சாலிஸ், பிலிப் நேடர் ஆகிய மூவரும் 1991இல் வெளியிட்ட அவதானிப்பு முறை அது. அவதானிப்பவர் உடற்கல்விப் பாடத்துக்குப் போய் ஓரமாக நிற்பார். ஒரு பிள்ளையை மட்டும் நான்கு நிமிடம் கவனித்துவிட்டு அடுத்த பிள்ளைக்கு மாறுவார். 20 விநாடிக்கு ஒருமுறை ஓர் எண்ணைக் குறிப்பார். பிள்ளை படுத்திருந்தால் 1, உட்கார்ந்திருந்தால் 2, நின்றால் 3, நடந்தால் 4, அதற்கு மேல் என்றால் 5. பாடம் முடிந்ததும் 4ஐயும் 5ஐயும் எண்ணிப் பார்த்தால் போதும். பாடநேரத்தில் பாதியாவது இந்த இரண்டு எண்களுக்குள் வர வேண்டும் என்பது அமெரிக்கச் சுகாதாரத் துறை அக்காலத்தில் வைத்த இலக்கு.

இந்த முறையால் அளந்தபோது பல இடங்களில் தெரியவந்தது சுவையானது. பிள்ளைகளின் நேரத்தைத் தின்றது சோம்பல் அல்ல, காத்திருப்பு. நீளம் பாய்தல் பாடம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 24 பிள்ளைகள், ஒரே மணற்குழி. பெயர் கூப்பிட்டு, விளக்கம் சொல்லி முடிய மிஞ்சுவது 30 நிமிடம். ஓடி, பாய்ந்து, எழும்பி, மணலைச் சமப்படுத்த ஓர் ஆளுக்கு 45 விநாடி போனால் மொத்தம் 40 பாய்ச்சல். ஆளுக்கு இரண்டு பாய்ச்சல்கூட முழுதாக வராது. ஒரு பாய்ச்சலில் உண்மையில் ஓடும் நேரம் பத்து விநாடி என்றால், முழுப் பாடத்திலும் ஒரு பிள்ளையின் இதயம் வேலை செய்தது 20 விநாடிக்கும் குறைவு. ஆசிரியரோ வெயிலில் நின்று களைத்துப் போயிருப்பார். அவர் வேலை செய்யவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. பிழை பாடத்தின் அமைப்பில் இருக்கிறது.

அமைப்பை மாற்றினால் எண்கள் மாறுமா? 1991 முதல் 1994 வரை அமெரிக்காவின் நான்கு மாநிலங்களில் 96 ஆரம்பப் பாடசாலைகளில் ஒரு பெரிய பரிசோதனை நடந்தது. அதில் 56 பாடசாலைகளின் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். சிறு குழுக்கள், கூடுதல் பந்துகள், குறைந்த விளக்கம், வரிசையே இல்லாத பயிற்சிகள் என்பவைதாம் அதன் சாரம். அந்தப் பாடசாலைகளில் பிள்ளைகள் அசைந்த நேரம் பாடவேளையின் 37 வீதமளவிலிருந்து 52 வீதமளவுக்கு உயர்ந்தது. 2013இல் இத்தகைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த கிறிஸ் லொன்ஸ்டேல் குழுவினர், ஆசிரியரின் கற்பித்தல் முறையைத் திருத்தினால் அதே பாடவேளைக்குள் வழமையைவிட ஏறத்தாழ 24 வீதம் கூடுதலான அசைவு கிடைக்கிறது என்று கண்டார்கள். நேர அட்டவணையைத் தொடாமலே கிடைத்த நேரம் இது.

தசைக்குள்ளே நடப்பது

உடல் அசைவுக்கும் இதய நோய்க்கும் உள்ள தொடர்பை முதலில் தெளிவாகக் காட்டியது இலண்டன் பேருந்து. ஜெரி மொறிஸ் 1953இல் வெளியிட்ட ஆய்வில் ஒரே வண்டியில் ஒரே வீதியில் வேலை செய்த இரண்டு ஆட்களை ஒப்பிட்டார். நாள் முழுக்க இருக்கையில் இருந்த சாரதிக்கு மாரடைப்பு கூடுதலாக வந்தது. மாடிப்படி ஏறி இறங்கி டிக்கெட் கொடுத்த நடத்துநருக்குக் குறைவாகவும் பிந்தியும் வந்தது.

நமக்கு இதில் தனிக் கவலை ஒன்று உண்டு. 2004இல் லான்செட் இதழில் இரண்டு ஆய்வாளர்கள் தங்கள் உடலையே ஒப்பிட்டு ஒரு படம் வெளியிட்டார்கள். ஒருவர் புனேயைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாஜ்னிக், மற்றவர் இலண்டனின் ஜோன் யுட்கின். உயரத்துக்கு ஏற்ற எடையைச் சொல்லும் பி.எம்.ஐ. எண் இருவருக்கும் 22.3. ஆனால் யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 வீதம், யாஜ்னிக்கின் உடலில் 21.2 வீதம். தெற்காசிய உடல் மெலிந்து தெரிந்தாலும் தசை குறைந்து கொழுப்பு கூடியதாக இருக்கலாம் என்பதை இந்தச் சோடி எண்கள் காட்டின. நம் ஊரில் ‘சீனி வருத்தம்’ உடம்பு வைத்தவருக்குத்தான் வரும் என்ற நினைப்பு இன்னும் போகவில்லை. மெலிந்த பிள்ளைக்கு ஓட்டம் தேவையில்லை என்று நினைப்பதும் அதே பிழைதான்.

தசை ஏன் இவ்வளவு முக்கியம்? சாப்பிட்ட பின் இரத்தத்தில் சேரும் குளுக்கோசின் பெரும்பங்கை உள்வாங்குவது எலும்புத் தசை. குளுக்கோசை உள்ளே விடும் புரதங்கள் தசை இழைக்குள் ஒதுங்கி இருக்கும். இன்சுலின் வந்து சேதி சொன்னால் அவை மேற்பரப்புக்கு வந்து வழிவிடும். தசை சுருங்கி விரியும்போதோ அவை இன்சுலினின் சேதி இல்லாமலே மேலே வரும். ஓடி முடித்த பிறகும் பல மணிநேரம் அந்தத் தசை இன்சுலினுக்குக் கூர்மையாகப் பதில் சொல்லும். இந்த விளைவு சேமித்து வைக்கக்கூடியதன்று. ஓரிரு நாட்களில் மங்கிவிடும். அதனால்தான் ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் விளையாட்டுப் போட்டியைவிட ஒவ்வொரு நாளும் ஓடும் பத்து நிமிடம் பெறுமதியானது.

எலும்பின் கணக்கு வேறு. கனடாவின் சஸ்காச்சுவான் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரே பிள்ளைகளை ஆண்டுதோறும் அளந்து வந்தார்கள். எலும்பு மிக விரைவாகத் தாது சேர்க்கும் இரண்டு ஆண்டுகளுக்குள் வளர்ந்தவரின் எலும்புத் தாதுவில் ஏறத்தாழ நாலிலொரு பங்கு சேர்ந்துவிடுகிறது. அந்த உச்சம் பெண்பிள்ளைகளுக்குப் பன்னிரண்டரை வயதளவில், ஆண்பிள்ளைகளுக்குப் பதினான்கு வயதளவில் வருகிறது. நம் கணக்கில் அது தரம் 7 முதல் 9 வரை. பெண்பிள்ளைகள் மைதானத்தைவிட்டு விலகத் தொடங்கும் தரங்களும் அவையே. எலும்புக்கு நீண்ட ஓட்டம் வேண்டியதில்லை, குதிப்பு வேண்டும். சில நிமிடம் கயிறடிப்பது, கெந்துவது, பாய்வது அதற்கு நல்ல வேலை.

சங்கடமான கூட்டல்

இனி நேர்மையாக ஒரு கணக்குப் போட வேண்டும். வாரத்தில் இரண்டு பாடவேளை, ஒவ்வொன்றும் 40 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 80 நிமிடம். அதில் மூன்றிலொரு பங்கு அசைவு என்றால் 27 நிமிடம். நல்ல பயிற்சி பெற்ற ஆசிரியர் அதைப் பாதியாக உயர்த்தினால் 40. வாரத்துக்கு வேண்டியதோ 420 நிமிடம். இவ்வளவு பாடுபட்டும் கிடைத்த மேலதிகம் 13 நிமிடம், நாளுக்கு இரண்டு நிமிடம்கூட இல்லை.

ஆய்வுகளும் இதைத்தான் சொல்கின்றன. பாடசாலைகளில் நடந்த உடலசைவுத் திட்டங்களை 2021இல் தொகுத்த கொக்ரேன் மதிப்பாய்வு 89 ஆய்வுகளை, 66,752 பிள்ளைகளை உள்ளடக்கியது. நாளொன்றுக்குக் கூடிய அசைவு சராசரியாக ஒரு நிமிடத்தையும் எட்டவில்லை.

அப்படியானால் உடற்கல்வி வீண் என்று முடிவு கட்டலாமா? கணிதப் பாடவேளைக்குள் மட்டும் கணிதம் செய்யும் பிள்ளை கணக்கில் தேறாது. பாடவேளையின் வேலை, பிள்ளை வீட்டில் இருந்தும் கணக்குச் செய்யக்கூடிய திறனையும் விருப்பத்தையும் கொடுப்பது. உடற்கல்விக்கும் அதே கடமை. அவுஸ்திரேலியாவில் லீசா பார்னெட் குழுவினர், ஆரம்ப வகுப்புகளில் எறிதல், பிடித்தல், உதைத்தல் ஆகிய திறன்கள் அளக்கப்பட்ட பிள்ளைகளைச் சில ஆண்டுகள் கழித்துத் தேடிப் பிடித்தார்கள். சிறுவயதில் பந்தைக் கையாளத் தெரிந்தவர்கள் இளம்பருவத்தில் கூடுதலாக அசைபவர்களாக இருந்தார்கள். பந்தைப் பிடிக்கத் தெரியாத பிள்ளை பின்னேரம் ஊர்ப் பிள்ளைகளோடு சேரக் கூச்சப்படும். சேராததால் பழகாது, பழகாததால் இன்னும் கூச்சப்படும்.

தீவகத்தில் இந்தப் பின்னேரத்துக்கே ஒரு சோதனை வந்திருக்கிறது. ரியூசனும் கைபேசியும் எல்லா ஊரிலும் உண்டு. இங்கே அதற்கு மேல் ஆளில்லாக் குறை. 1990ஐ ஒட்டிய போரில் தீவுகளிலிருந்து சனம் பெருமளவில் இடம்பெயர்ந்தது. பிறகு கொழும்பு, கனடா, பிரான்ஸ், சுவிஸ் என்று போனவர்களில் பலர் திரும்பவில்லை. புங்குடுதீவில் கூரை இழந்த கல்வீடுகள் ஒழுங்கையின் இரு பக்கமும் நிற்கின்றன. அத்தகைய ஒழுங்கையில் வளரும் பிள்ளைக்கு விளையாட இடம் தாராளமாக உண்டு, கூட விளையாடத்தான் ஆள் இல்லை. நகரத்துப் பிள்ளையின் நிலை இதற்கு நேர்மாறு. ஆகையால் நகரத்துக்கு எழுதிய தீர்வு இங்கே பொருந்தாது. தீவில் பத்து இருபது பிள்ளைகள் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் கூடுவது பாடசாலையில்தான். அந்தக் கூட்டத்தைப் பகல் ஒன்றரைக்கு மணி அடித்ததும் கலைத்துவிட்டால், அன்றைய விளையாட்டும் அதோடு முடிந்துவிடும்.

கிளித்தட்டு ஏன் நல்ல வடிவமைப்பு

சங்கீதக் கதிரையை நினைத்துப் பாருங்கள். அதில் முதலில் வெளியேறுவது யார்? மெதுவானவர், கூச்சப்படுபவர். நிமிடங்கள் யாருக்குக் கூடுதலாக வேண்டுமோ அவரையே முதலில் உட்கார வைக்கும் விளையாட்டு அது. ஆளை ஒவ்வொருவராக வெளியேற்றும் எந்த விளையாட்டுக்கும் இந்தக் குறை உண்டு.

கிளித்தட்டில் அந்தக் குறை இல்லை. நிலத்தில் நீள்சதுரம் கீறி, குறுக்கே கோடுகளும் நடுவே ஒரு நெடுங்கோடும் போட்டால் களம் தயார். ஓரணி கோடுகளில் நின்று மறிக்கும். மற்ற அணி அடி வாங்காமல் தட்டுகளைக் கடந்து மறுமுனைக்குப் போய்த் திரும்பும். நடுக்கோட்டில் ஓடித் திரியக்கூடியவர் கிளி. மகாராட்டிரத்தின் ஆட்யா பாட்யாவும் இதே குடும்பத்து விளையாட்டு. பெரும்பாலான ஊர் வழக்கில் ஒருவர் அடிபட்டால் அணிகள் இடம் மாறும், அடிபட்டவர் ஓரமாகப் போய்க் குந்துவதில்லை. பந்து வேண்டாம், கம்பம் வேண்டாம், செலவு ஒரு கைப்பிடிச் சுண்ணாம்பு.

உடற்றொழிலியல் கண்ணால் பார்த்தால் இன்னும் சிறப்பு. சில விநாடி பாய்ச்சல், திடீர் நிறுத்தம், திசை மாற்றம், சிறு ஓய்வு, மறுபடி பாய்ச்சல். இடைவிட்டுக் கடுமையாக ஓடும் பயிற்சி என்று இன்று புகழப்படுவதன் அமைப்பே இது. திசை மாறும் ஒவ்வொரு தடவையும் எலும்பில் பல பக்கங்களிலிருந்தும் விசை விழுகிறது. தரம் 6 பிள்ளையும் தரம் 9 பிள்ளையும் ஒன்றாக ஆடலாம், ஏனெனில் சிறிய உடலுக்கு நழுவுவது எளிது. உதைபந்தாட்டத்துக்கு அணிக்குப் பதினொருவர் வேண்டும், கரப்பந்துக்கு அறுவர். ஒரு தரத்தில் ஒன்பது பிள்ளைகளே உள்ள பாடசாலைக்குக் கிளித்தட்டு அளவெடுத்துத் தைத்த உடுப்பு.

பழையது என்பதற்காக இதைப் போற்ற வேண்டியதில்லை. கிளித்தட்டிலும் இருபது பேரை ஒரே களத்தில் நிறுத்தினால் கோட்டில் நிற்பவர் நின்றபடியே இருப்பார். நாலுக்கு நாலு பேராக இரண்டு மூன்று சிறு களங்கள் கீறினால் எல்லோரும் ஓடுவார்கள். இதே விதி மற்ற விளையாட்டுகளுக்கும் பொருந்தும். வலைப்பந்தாட்டத்தை மூவருக்கு மூவராகச் சுருக்கலாம். நீளம் பாய்தலுக்குக் காத்திருப்பவர்கள் பக்கத்தில் கயிறடிக்கலாம்.

படகு, தண்ணீர், வெள்ளைச் சீருடை

பாடசாலை முடிந்த பின் பயிற்சி என்பது பெருநிலத்தில் இலகுவான யோசனை. குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து நயினாதீவுக்குப் படகில் அரை மணிக்குள் போகலாம், நெடுந்தீவுக்கு ஒரு மணிநேரமளவில் ஆகும். நாளாந்தம் கடல் கடந்து வரும் ஆசிரியருக்கு நேர அட்டவணை எழுதுவது படகுதான். மணி அடித்ததும் அவர் துறைக்குப் போயாக வேண்டும். சோளகம் வீசிக் கடல் குழம்பும் நாளில் அதற்கும் முந்தியே மனம் துறையில் இருக்கும். ஆகவே தீவில் எந்தத் திட்டமும் பாடசாலை நேரத்துக்குள்ளேயே அமைய வேண்டும்.

அதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. ஸ்கொட்லாந்தின் ஸ்டேர்லிங் நகரில் சென் நினியன்ஸ் ஆரம்பப் பாடசாலை அதிபர் இலெய்ன் வைலி 2012இல் தொடங்கியது அது. ஒவ்வொரு நாளும் ஏதோ ஒரு பாடத்தை இடையில் நிறுத்தி, எல்லாப் பிள்ளைகளும் போட்ட உடுப்போடு வெளியே வந்து 15 நிமிடம் ஓடியோ நடந்தோ திரும்புவார்கள். போட்டி இல்லை, பரிசு இல்லை. 2018இல் வெளிவந்த ஆய்வு, இதைச் செய்த பாடசாலைப் பிள்ளைகளின் அசைவு செய்யாதவர்களைவிட நாளுக்கு ஒன்பது நிமிடமளவு கூடியதாகக் காட்டியது. இரண்டே பாடசாலைகளை ஒப்பிட்ட சிறிய ஆய்வு என்பதையும் சொல்ல வேண்டும். ஆயினும் இதற்கு உடற்கல்வி ஆசிரியர்கூடத் தேவையில்லை. வகுப்பாசிரியர் போதும்.

வெயிலுக்கு ஏற்ற நேரம் காலை ஏழரைக்குப் பிந்திய முதல் மணி. பதினொரு மணிக்கு மைதானத்துக்கு அனுப்புவது சுகத்துக்கும் ஆகாது, ஆர்வத்துக்கும் ஆகாது. ஓடிய பிள்ளைக்குக் குடிக்க நல்ல தண்ணீர் வேண்டும். கிணறுகள் பல உவர்த்துப்போன தீவுகளில் அது தானாகக் கிடைப்பதில்லை. பெண்பிள்ளைகளின் விலகலுக்குக் கூச்சத்தை மட்டும் காரணம் சொல்வதும் போதாது. வெள்ளைச் சட்டை, கழுத்துப்பட்டி, வியர்த்தால் மாற்றுடுப்பு இல்லை, கழுவிக்கொள்ளத் தண்ணீர் இல்லை, மாதவிடாய் நாட்களுக்கு ஒழுங்கான கழிப்பறை இல்லை என்றால் எந்தப் பிள்ளை ஓட விரும்பும்? உடற்கல்வி உள்ள நாளில் விளையாட்டு உடுப்போடே பாடசாலைக்கு வர விடுவது அதிபர் ஒருவர் தம் மட்டத்திலேயே செய்யக்கூடிய திருத்தம்.

ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பரிசிலும் இருக்கும் பழைய மாணவர் சங்கங்கள் தாம் படித்த பாடசாலைக்கு மனம்கோணாமல் கொடுக்கின்றன. கொடை பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் பொருளாகப் போகும். பார்வையாளர் மண்டபம், வெற்றிக் கிண்ணம், பெயர்ப்பலகை. பிள்ளைக்கு ஒரு பந்து என்ற கணக்கில் பந்தும் கயிறும், ஒரு குடிநீர்த் தாங்கியும், உடுப்பு மாற்ற ஓர் அறையும் அதைவிட மலிவு. ஓடும் நிமிடங்களை அவை நேரடியாகக் கூட்டும்.

பரீட்சைக்கு என்ன ஆகும்?

பெற்றாரின் பயம் நியாயமானது. ஐந்தாம் தரத்தில் புலமைப்பரிசில், பதினோராம் தரத்தில் சாதாரண தரம். தீவிலிருந்து வெளியே போகும் வழி இந்தப் பரீட்சைகளூடாகத்தான் என்று தலைமுறையாக நம்பும் சமூகம் இது. சுகாதாரமும் உடற்கல்வியும் என்ற பாடமே சாதாரண தரத்தில் எழுத்துப் பரீட்சையாக வருவதால், மைதானப் பாடவேளையும் குறிப்பு எழுதுவதில் கழிய இடமுண்டு.

கியூபெக்கின் துருவா ரிவியேர் பகுதியில் 1970இல் ஒரு துணிச்சலான பரிசோதனை தொடங்கியது. ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகள் 546 பேர் அதில் இருந்தார்கள். ஒரு பகுதியினருக்கு மற்றப் பாடங்களின் நேரத்தைக் குறைத்து, ஆறு ஆண்டுகள் வாரத்துக்கு ஐந்து மணிநேரம் மேலதிக உடற்கல்வி கொடுத்தார்கள். படிப்பு விழவில்லை. முதலாம் வகுப்புக்குப் பிந்திய வகுப்புகளில் அவர்களின் புள்ளிகள் மற்றவர்களைவிடச் சற்று மேலாகவே இருந்தன. இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்துத் தேடிப் பார்த்தபோது, மேலதிக உடற்கல்வி பெற்ற பெண்கள் வளர்ந்த பிறகும் கூடுதலாக உடற்பயிற்சி செய்பவர்களாக இருந்தார்கள். ஓட்டம் புள்ளியைக் கூட்டும் என்று பெற்றாருக்கு வாக்குறுதி கொடுக்க இது போதாது. புள்ளியைக் குறைக்கும் என்ற பயத்தை விலக்கப் போதும்.

இவ்வளவையும் ஒரு பாடசாலையில் நிலைக்கச் செய்வது எது? இல்லப் புள்ளி. தீவகத்துப் பிள்ளைக்கும் ஆசிரியருக்கும் பெற்றாருக்கும் அதைவிட விளங்கும் நாணயம் கிடையாது. இன்று முதலாம் இடத்துக்கும் இரண்டாம் இடத்துக்கும் மூன்றாம் இடத்துக்கும் புள்ளி கிடைக்கிறது. அதை அப்படியே விட்டுவிட்டு இன்னொன்றையும் சேர்க்கலாம். தவணை முழுதும் நாளாந்த ஓட்டத்தை முடித்த ஒவ்வொரு பிள்ளைக்கும் இல்லத்துக்கு ஒரு புள்ளி, சென்ற மாதத்தைவிடத் தன் தூரத்தைக் கூட்டிய பிள்ளைக்கு இன்னொரு புள்ளி. அப்போது இல்லத் தலைவர்கள் கூடாரத்துக்குள் இருப்பவர்களைத் தாங்களே தேடிப் போவார்கள், ஏனெனில் வேகமாக ஓடும் இருவரை மட்டும் வைத்துக்கொண்டு இல்லம் வெல்ல முடியாது. தெரிவுக்கு எழுதிய விதிப்புத்தகம் தெரிவைத் தந்தது. எல்லோரையும் ஓட வைக்க வேண்டுமானால் அதையும் விதியாக எழுத வேண்டும்.